இங்கிலாந்துக் கடலோரக் கிராமங்களில் முன்னோரைத் தேடுபவர்கள் 'பாரிஷ் பதிவேடு' என்கிறார்களே, அது என்ன?

பாரிஷ் என்பது ஒரு தேவாலயத்தின் பொறுப்பில் வரும் ஊர்ப்பகுதி. அங்கு நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் எல்லாவற்றையும் பாதிரியார் எழுதிவைத்த நோட்டுதான் பாரிஷ் பதிவேடு. 1538-இல் மன்னர் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் போட்ட உத்தரவால் வந்தது. அரசாங்கப் பிறப்பு, இறப்புப் பதிவு தொடங்கியதோ 1837-இல்தான். அதனால் இடைப்பட்ட காலத்துச் சாமானியர்களைத் தேட இதுதான் முதல் வழி; பழைய மொய் நோட்டை வைத்துச் சொந்தபந்தத்தைப் பிடிப்பது மாதிரி.

கடலோரத்தில் இன்னொரு சங்கதி: கரை ஒதுங்கிய உடல்களைத் தேவாலயக் கல்லறையில் புதைக்க 1808-இல் சட்டம் வந்தது. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையான கார்ன்வாலில், மார்வென்ஸ்டோ என்ற ஊரில், 1842-இல் உடைந்த கலிடோனியா கப்பலின் மாலுமிகளைப் பாதிரியார் ஹாக்கர் அடக்கம் செய்தார். கப்பலின் முகப்புச் சிலையே கல்லறைக்கு அடையாளமாக நின்றது; இப்போது அங்கே இருப்பது அதன் நகல்.

அப்புறம், பதிவேட்டில் இருப்பது பெரும்பாலும் ஞானஸ்நானத் தேதி. பலர் நினைப்பதுபோல் பிறந்த தேதி அல்ல. பிள்ளை சில வருடம் முன்பே பிறந்திருக்கலாம்.