சாவி வாங்கி 4 வருஷம் 8 மாசம், பாத்ரூம் கசிவுக்கு பில்டர் பொறுப்பா?

பொறுப்புதான். ஒப்பந்தத்தில் "1 வருஷ வாரண்டி" என்று இருந்தாலும், ரெரா சட்டம் (வீடு கட்டி விற்பவர்களை ஒழுங்குபடுத்தும் 2016-ஆம் வருஷ ரியல் எஸ்டேட் சட்டம்) 14(3) பிரிவுப்படி வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருஷத்துக்குள் குறையைத் தெரிவித்தால், 30 நாளில் அவர் செலவிலேயே சரிசெய்ய வேண்டும்.

உங்களுக்கு மிச்சம் 4 மாசம். போனில் சொன்னதை நம்பி இருக்காதீர்கள். இன்றைக்கே ஸ்பீடு போஸ்ட்டில் கடிதம் போட்டு ரசீதை வையுங்கள். கட்டட வழக்குகளே நடத்துகிற நான், நல்ல வழக்குகள் இந்த ஒரு காகிதம் இல்லாமல் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

தரையின் வாட்டர்ப்ரூஃபிங் போயிருக்கலாம். வடிகால் வாயைத் துணியால் அடைத்து 24 மணி நேரம் தண்ணீர் தேக்குங்கள். கீழ்வீட்டுச் சீலிங்கில் ஈரம் படர்ந்தால் தேதியோடு படமெடுங்கள்.

நீங்களாக டைல்ஸ் மாற்றியிருந்தால் பில்டர் அதைத்தான் பிடித்துக்கொள்வார். உங்கள் கட்டடத் திட்டம் ரெரா ஆணையத்தில் பதிவானதா என்றும் பாருங்கள்.