பாதி கிளாஸுக்குப் பிறகு – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் ஒரே ஒரு கிராஃப்ட் பீர் என்பது என் வழக்கம். கொஞ்ச காலமாக ஹாப்ஸ் தூக்கலாக இருக்கும் ஐபிஏ (இந்தியா பேல் ஏல்) வகைகளைத்தான் வாங்குகிறேன். டின்னைத் திறந்து முதல் மடக்கு குடிக்கும்போது ஆரஞ்சுத் தோல், மாம்பழம், பைன் பிசின் என்று என்னென்னவோ வருகிறது. பாதி தாண்டுவதற்குள் அத்தனையும் காணாமல் போய் வெறும் கசப்புதான் மிஞ்சுகிறது. கூடவே குடிக்கும் நண்பர்களோ கடைசிவரை பாராட்டிக்கொண்டே இருக்கிறார்கள், எனக்கு நாக்கு சரியில்லை என்கிறார்கள். பீரை ருசிக்க முறை என்று ஏதாவது இருக்கிறதா? இன்னொன்று. இந்தியாவுக்குக் கப்பலில் வரும்போது கெட்டுப்போகாமல் இருக்கத்தான் இதை இவ்வளவு கசப்பாகக் கண்டுபிடித்தார்கள் என்கிறார்களே, உண்மைதானா?

க.
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள க.,

உங்கள் நாக்குக்கு ஒன்றும் இல்லை. நண்பர்களைவிட நீங்கள்தான் கவனித்துக் குடிக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. இரண்டாவது டின்னில் வரும் பாராட்டுக்கு ஹாப்ஸ் மட்டுமே காரணம் என்று நான் நம்பமாட்டேன்.

ஹாப்ஸ் ஒரு கொடியின் பெண் பூங்கொத்து. பச்சை நிறத்தில், செதில் செதிலாக, கட்டைவிரல் அளவுக்கு இருக்கும். ஒன்றை எடுத்துப் பிளந்து பார்த்தால் செதில்களின் அடியில் மஞ்சள் பொடி ஒட்டியிருக்கும். விரலில் தேய்த்தால் பிசுபிசுக்கும், கையைக் கழுவினாலும் வாசனை லேசில் போகாது. பீருக்குத் தேவையானதில் பெரும்பகுதி அந்தப் பொடிக்குள்தான் இருக்கிறது. அதில் பிசின் ஒரு பங்கு, எண்ணெய் ஒரு பங்கு. பிசினில் உள்ள ஆல்ஃபா அமிலங்கள் நீரில் எளிதில் கரையாதவை. மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) ஊறிய சாற்றோடு ஒரு மணி நேரம் போலக் கொதிக்கும்போதுதான் அவை உருமாறிக் கரைந்து கசப்பாகின்றன. எண்ணெய்க்கோ கொதி ஆகாது, ஆவியோடு போய்விடும். அதனால் பீர் காய்ச்சுபவர் ஹாப்ஸைப் பிரித்துப் போடுகிறார். கசப்புக்கு வேண்டியதைக் கொதியின் தொடக்கத்தில். வாசனைக்கு வேண்டியதை அடுப்பை அணைக்கிற சமயத்தில், அல்லது எல்லாம் ஆறி, ஈஸ்ட் தன் வேலையை ஏறக்குறைய முடித்த பிறகு. கடைசியாகச் சொன்னதைத்தான் ட்ரை ஹாப்பிங் என்கிறார்கள். உங்களுக்கு மாம்பழ வாசனை வருவது பெரும்பாலும் அதனால்.

ஆக, உங்கள் கிளாஸில் கசப்பும் வாசனையும் தனித்தனியாக வந்து சேர்ந்தவை. உள்ளே போன பிறகும் அவை ஒன்றுபோல நடந்துகொள்வதில்லை. புதிதாகப் பெயின்ட் அடித்த அறைக்குள் நுழைந்தால் சில நிமிடங்களில் அந்த நெடி தெரியாமல் போய்விடும் இல்லையா? பெயின்ட் அங்கேயேதான் இருக்கிறது, மூக்குதான் அதைக் கணக்கில் எடுப்பதை நிறுத்திவிட்டது. ஐபிஏவிலும் அதுதான் நடக்கிறது. போதாக்குறைக்கு, குமிழியோடு சேர்ந்து வாசனையும் கிளாஸை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறுகிறது. கசப்பு இதற்கு நேர் எதிர். அது நாக்கில் தங்கும். முதல் மடக்கின் கசப்பு அடங்குவதற்குள் அடுத்த மடக்கு வந்து அதன்மேல் ஏறும். ஒன்று இறங்க இறங்க இன்னொன்று ஏறுகிறது. பாதி கிளாஸில் நீங்கள் கண்டது இதைத்தான்.

முறை என்று கேட்டிருக்கிறீர்கள். பெரிய சடங்கெல்லாம் இல்லை. முதலில், டின்னிலிருந்து நேராகக் குடிப்பதை விடுங்கள். அந்தச் சின்ன ஓட்டை வழியாக மூக்குக்கு எதுவும் வராது. எண்ணெய்ப் பிசுக்கோ சோப்பு மிச்சமோ இல்லாத கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றுங்கள், நுரை எழும்பட்டும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த உடனே குடிக்காமல் பத்துப் பதினைந்து நிமிடம் வெளியே வையுங்கள். 4 டிகிரியில் மூடிக்கிடக்கும் வாசனை 8, 10 டிகிரியில்தான் வெளியே வரும். குடிப்பதற்கு முன் முகருங்கள், நீளமாக இழுக்காமல் சின்னச் சின்னதாக. ஒரு மடக்கு விழுங்கியதும் வாயை மூடிக்கொண்டு மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பகுதி அப்போது தொண்டைக்குப் பின்னாலிருந்து மூக்குக்கு ஏறுகிற வாசனைதான். (நாக்கின் நுனியில் இனிப்பு, பின்பக்கத்தில் கசப்பு என்று பள்ளிப் புத்தகத்தில் ஒரு படம் பார்த்திருப்பீர்கள். அதை மறந்துவிடுங்கள். கசப்பை நாக்கு முழுக்க உணர முடியும்.)

அப்புறம் கிளாஸைக் கீழே வையுங்கள். எல்லோரும் தவறவிடுவது இந்த இடத்தைத்தான். ஐந்து நிமிடம் வேறு ஏதாவது பேசுங்கள், தண்ணீர் குடியுங்கள். உப்பு சேர்ந்த எதையாவது கொறித்தால் இன்னும் நல்லது, உப்பு கசப்பை அடக்கும். மூக்கு மரத்துப்போனதாகத் தோன்றினால் உங்கள் சட்டைக் கையையே ஒருமுறை முகர்ந்துவிட்டுத் திரும்பி வாருங்கள். பார்ப்பவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள், பரவாயில்லை.

எல்லாவற்றுக்கும் மேல், வாங்கும்போது தேதியைப் பாருங்கள். ஹாப்ஸ் வாசனைக்கு ஆயுள் குறைவு. சூடான அலமாரியில் சில மாதம் இருந்த ஐபிஏவில் ஆரஞ்சு போயிருக்கும், ஈர அட்டைப்பெட்டி வாசனை வந்திருக்கும், கசப்பு மட்டும் ஓரளவு தாக்குப்பிடித்திருக்கும். வெளிச்சமும் ஆகாது. ஹாப்ஸின் கசப்புப் பொருள் ஒளி பட்டுச் சிதைந்தால் கந்தகம் கலந்த ஒரு நாற்றம் பிறக்கிறது, ஸ்கங்க் என்ற விலங்கு பீய்ச்சியடிப்பது போல என்பார்கள். வெயிலில் அதற்குச் சில நிமிடங்களே போதும். பழுப்பு பாட்டில் ஓரளவு காக்கும், பச்சையும் வெள்ளையும் அவ்வளவாகக் காக்காது. டின்னுக்கு இந்தக் கவலையே இல்லை.

கப்பல் கதை பாதி உண்மை. ஹாப்ஸ் பீரைப் புளிக்கவைக்கும் பல பாக்டீரியாக்களை அடக்கும். அதனால் நெடும்பயணத்துக்குப் போகும் பீரில் கூடுதலாகச் சேர்த்தார்கள் என்பது சரி. ஆனால் இதற்கென்று யாரும் உட்கார்ந்து புது பீர் ஒன்றைக் கண்டுபிடிக்கவில்லை. 18-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் கிழக்கு லண்டனின் போ (Bow) பகுதியில் ஜார்ஜ் ஹாட்ஜ்சன் நடத்திய ஆலையிலிருந்து பேல் ஏல் என்ற வெளிர் நிற பீர் இந்தியாவுக்குப் போனது. ஹாப்ஸ் மிகுந்த, நாள்பட வைத்துக் குடிக்கும் ஏல்கள் இங்கிலாந்தில் அதற்கு முன்பே இருந்தன. போர்ட்டர் என்கிற கறுப்பு பீரும் அதே கடலைத் தாண்டி நல்லபடியாகவே போய்ச் சேர்ந்தது. 1820-களில் இங்கிலாந்தின் பர்ட்டன் ஊர் ஆலைக்காரர்கள் இந்த வியாபாரத்துக்குள் வந்தார்கள். அந்த ஊர்த் தண்ணீரில் ஜிப்சம் என்ற தாது அதிகம், ஹாப்ஸின் கசப்பை அது வெட்டென்று துலக்கிக் காட்டும். அது அவர்களுக்கு வாய்த்த அதிர்ஷ்டம்.

இதில் எனக்குப் பிடித்த முரண் ஒன்று உண்டு. அந்த ஐபிஏ பீப்பாய்க்குள் மாதக்கணக்கில் கிடந்து, சூடான கடல்களைத் தாண்டி, பக்குவப்பட்ட பிறகே குடிக்கப்பட்டது. நீங்கள் வாங்குவதை அப்படி அனுப்பினால் அதில் தேறுவது கசப்பு மட்டும்தான். உங்கள் டின்னில் இருப்பது பெரும்பாலும் அமெரிக்க வம்சம். 1972-இல் கேஸ்கேட் என்ற ஹாப்ஸ் ரகம் வெளிவந்த பிறகு பூத்தது அது. மாம்பழமும் லிச்சியும் மணக்கும் சிட்ரா வந்தது 2000-களின் இறுதியில்தான்.

நடுவில் ஒரு காலம் இருந்தது, யார் பீர் அதிகம் கசக்கிறது என்று ஆலைகள் போட்டி போட்ட காலம். கசப்பை ஐபியு என்ற அலகில் அளக்கிறார்கள். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் கசப்புப் பொருள் இருந்தால் தோராயமாக ஓர் அலகு. கடைகளில் பரவலாகக் கிடைக்கும் லாகர் வகை பீர் 10, 15 இருக்கும், ஐபிஏ 40 முதல் 70 வரை. அதை 100-க்கு மேல் ஏற்றி லேபிளில் பெருமையாக அச்சடித்தார்கள். வெட்டி வீம்பு என்பது என் கருத்து. மால்ட்டின் இனிப்பு கூடினால் அதே 60 பாதியாகத் தெரியும், அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. இப்போது அலை மாறி, கலங்கலாகப் பழச்சாறு போல இருக்கும் ஹேஸி ஐபிஏ வந்துவிட்டது. கசப்பு குறைவு, வாசனை ஏராளம். உங்களுக்கு ஒத்துவரலாம். எனக்கு நாலைந்து குடித்தபின் எல்லாம் ஒன்றுபோல இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில், அடக்கமான ஒரு பேல் ஏலிலிருந்து நீங்கள் மறுபடி தொடங்கலாம் என்பேன்.

வெள்ளிக்கிழமை பற்றியும் ஒன்று. வாரம் முழுக்க அலைந்துவிட்டு வந்து உட்காரும்போது உடம்பு கேட்பது பெரும்பாலும் தண்ணீரைத்தான். தாகத்தோடு எடுத்தால் முதல் கால்வாசி ருசிக்காமலேயே உள்ளே போய்விடும், உங்கள் மூக்கு நன்றாக வேலை செய்யும் நேரமும் அதுவே. முதலில் ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்துவிடுங்கள். 'ஒரே ஒரு' என்று எழுதியிருக்கிறீர்கள். 500 மில்லி டின்னில் 6.5 சதவீத ஐபிஏ என்றால் அதில் சுமார் 25 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 5 சதவீத லாகர் 330 மில்லி பாட்டிலில் இருப்பது 13 கிராம். கிட்டத்தட்ட இரண்டு குடிக்கிறீர்கள், சார்.

அதனால் அடுத்த வாரம் இப்படிச் செய்து பாருங்கள். டின்னைத் திறந்ததும் இரண்டு சிறிய கிளாஸில் பாதிப் பாதியாக ஊற்றுங்கள். ஒன்றை மேலே தட்டு மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு மற்றதை நிதானமாகக் குடியுங்கள். பிறகு அரை மணி நேரம் இடைவெளி விட்டு, வாய் கொப்பளித்துவிட்டு இரண்டாவதை எடுங்கள். கொஞ்சம் குமிழி குறைந்திருக்கும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். ஆரஞ்சுத் தோல் வாசனை திரும்பி வந்தால் இத்தனை நாள் ஓய்வு கேட்டது உங்கள் மூக்கு. முதல் கிளாஸிலேயே அது மங்கலாக இருந்தால் கடைக்காரரிடம் புதுச் சரக்கு எப்போது வரும் என்று கேளுங்கள்.