கேம் பிடிக்கும் என்பதற்காக ஐடி வேலையை விட்டு கேம் நிறுவனத்தில் சேரலாமா?

தொழில்நுட்பத்துக்காக என்றால் தாராளமாகச் சேரலாம். திரையில் நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படங்கள், ஓட வேண்டுமென்றால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லிநொடிதான். பட்டன் அழுத்தியதைப் படிப்பது, மோதலைக் கணக்கிடுவது, எதிரியை நகர்த்துவது, திரையில் வரைவது எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். இல்லாவிட்டால் ஆட்டம் உடனே திக்கும். இப்படி எழுதிப் பழகினால் மெமரியும் பிராசசரும் அத்துப்படி ஆகிவிடும். எனக்கு இந்த வேலைமேல் பெரிய மரியாதை உண்டு.

நிறுவனம் என்று வந்தால் வேறு கதை. சைபர்பங்க் 2077 என்ற கேம் மூன்று முறை தள்ளிப்போய் 2020 டிசம்பரில் வந்தது. கடைசி வாரங்களில் ஊழியர்களுக்கு வாரம் 6 நாள் வேலை. அப்படியும் பிழைகள் மலிந்து, சோனி அதைத் தன் ஆன்லைன் கடையிலிருந்தே சில மாதங்கள் தூக்கிவிட்டது. அதனால் நேர்காணலில், போன வெளியீட்டுக்கு முந்தைய மாதம் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போனீர்கள் என்று கேளுங்கள். மழுப்பினால் சேராதீர்கள்.