அம்மா கேட்கும் சேனல் கனடா கேபிளில் ஏன் இல்லை?

கேள்வி: அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஸ்காபரோவில் எங்களோடு இருக்கிறார். அங்கே தினமும் பார்த்த சென்னைச் சேனல் ஒன்று இங்கேயும் வேண்டும் என்கிறார். கேபிள் நிறுவனத்திடம் கேட்டால் "பட்டியலில் இல்லை" என்று முடித்துவிட்டார்கள். காசு கொடுக்க நாங்கள் தயார். அப்புறம் என்ன தடை?

பதில்: எந்தப் பட்டியல் என்று திருப்பிக் கேளுங்கள். பட்டியல் இரண்டு இருக்கிறது.

ஒன்று, கனடாவின் ஒலிபரப்பு ஒழுங்குமுறை ஆணையமான சிஆர்டிசி வைத்திருக்கும் அனுமதிப் பட்டியல். கேபிளிலோ டிஷ்ஷிலோ வெளிநாட்டுச் சேனல் ஒன்றை விற்க வேண்டுமென்றால் அதன் பெயர் முதலில் இதில் ஏற வேண்டும். அதற்குக் கனடாவில் உள்ள ஒரு நிறுவனம் ஸ்பான்சராக நின்று விண்ணப்பிக்கும். தன் நிகழ்ச்சிகளைக் கனடாவில் காட்ட உரிமை இருக்கிறது, இங்கே வேறு யாரும் காட்ட முடியாதபடி அந்த உரிமையைப் பூட்டி வைக்க மாட்டோம் என்று சேனலும் எழுதிக் கொடுக்க வேண்டும். படம், கிரிக்கெட் போன்றவற்றின் உரிமை நாடு நாடாக விற்கப்படுகிறது. சென்னையில் ஓடும் ஒரு படத்தின் கனடா உரிமை வேறொருவர் கையில் இருக்கலாம். அனுமதி பெற்று வரும் சேனல்கூட ஊரில் பார்த்தது மாதிரியே இல்லாமல் போவதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம். அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

ஆங்கிலம், பிரெஞ்சு தவிர்த்த மொழிகளை இங்கே மூன்றாம் மொழி என்பார்கள். அந்த மொழிகளில் வெளிநாட்டுச் சேனலை அனுமதிப்பதில் ஆணையம் ஒரு காலத்தில் மிகவும் கறாராக இருந்தது. இத்தாலிய அரசு ஒலிபரப்பான ராய், தன் சர்வதேசச் சேனலைக் கொண்டுவரக் கேட்டபோது, 2004 ஜூலையில் மறுத்துவிட்டார்கள். ராயின் நிகழ்ச்சிகளை அதற்கு முன் ரொறன்ரோவின் டெலிலாட்டினோ என்ற கனடியச் சேனல் வாங்கி ஒளிபரப்பி வந்தது. ராய் அதை நிறுத்திவிட்டு நேரடியாக வந்தால் உள்ளூர்ச் சேனல் அடிபடும் என்பது வாதம். இத்தாலியச் சமூகம் விடவில்லை. கையெழுத்து வேட்டை நடந்தது, அரசியல்வாதிகளும் பேசினார்கள். அதே ஆண்டு டிசம்பரில் ஆணையம் கொள்கையையே மாற்றியது. 2005-இல் ராய்க்கு அனுமதி கிடைத்தது, ஆனால் கனடாவின் இத்தாலியச் சேனலையும் சேர்த்து எடுப்பவர்களுக்கே கொடுக்கலாம் என்ற நிபந்தனையோடு.

ஆணையத்தின் 2015 கொள்கை இன்னும் தளர்வானது. ஒரு வெளிநாட்டு மூன்றாம் மொழிச் சேனலைத் தரும் கேபிள் நிறுவனம், அதற்கு ஈடாக ஒரு கனடியச் சேனலையும், முடிந்தால் அதே மொழியில், விற்பனையில் வைத்திருக்க வேண்டும். இந்தக் கணக்கு நிறுவனத்துக்கு, வாடிக்கையாளருக்கு இல்லை. "இதையும் எடுத்தால்தான் அதைத் தருவோம், சட்டம் அப்படி" என்று யாராவது சொன்னால், எந்த விதி என்று எழுத்தில் கேளுங்கள்.

உள்ளூர்ச் சேனலைக் காப்பாற்றும் எண்ணத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ரொறன்ரோத் தமிழர்களின் செய்தியைச் சென்னைச் சேனல் சொல்லப் போவதில்லை. ஆனால் அதற்காக ஒரு முதியவரின் மொழியை எட்டாமல் வைப்பது நியாயமில்லை. 2004-இல் ஆணையம் திரும்பியது சரியான பக்கம்தான்.

சரி, இரண்டாவது பட்டியல். அது நிறுவனத்தின் சொந்த விற்பனைப் பட்டியல். ஆணையம் அனுமதித்துவிட்டது என்பதற்காக எந்த நிறுவனமும் ஒரு சேனலை எடுத்தே ஆக வேண்டும் என்றில்லை. 2004-இல் அல் ஜசீராவின் அரபுச் சேனலுக்கு அனுமதி கிடைத்தது. கூடவே, வெறுப்பைத் தூண்டும் இழிவான பேச்சு ஒளிபரப்பாகாமல் கேபிள் நிறுவனமே கண்காணித்து வெட்ட வேண்டும் என்று நிபந்தனை. அந்தச் சுமையை ஏற்க நிறுவனங்கள் முன்வரவில்லை. காகிதத்தில் அனுமதி இருந்தும் வீட்டில் சேனல் இல்லை.

ஆகவே, சிஆர்டிசி இணையதளத்தில் அனுமதிப் பட்டியலைப் பாருங்கள். பெயர் இருந்தால் கேபிள் நிறுவனத்தை நெருக்குங்கள். தெருவில் நாலு வீடு சேர்ந்து கேட்டால் இன்னும் நல்லது. பெயர் இல்லாவிட்டால் சேனலுக்கே எழுதி, கனடாவில் ஸ்பான்சர் உண்டா என்று கேளுங்கள். விண்ணப்பம் வந்தால் ஆணையம் அதை வெளியிட்டுப் பொதுமக்கள் கருத்தைக் கேட்கும். அங்கே நீங்களும் எழுதலாம்.

கேள்வி: கடையில் இணையம் வழியாக டிவி காட்டும் பெட்டி ஒன்று விற்கிறார்கள். எல்லாத் தமிழ்ச் சேனலும் வருமாம், வருடத்துக்கு ஒருமுறை காசு. போன முறை வாங்கியது ஐந்தாம் மாதம் நின்றுபோனது. கடைக்காரர் "சர்வர் போய்விட்டது, புதுசு எடுங்கோ" என்கிறார். எடுக்கலாமா?

பதில்: எடுக்க வேண்டாம்.

பெட்டியில் தவறில்லை. அதற்குள் ஏற்றிக் கொடுக்கும் இணைப்புதான் திருட்டு. 2016-இல் பெல், ரோஜர்ஸ் போன்ற டிவி சேவை நிறுவனங்கள் கேட்டதன் பேரில் இப்படிப் பெட்டி விற்பவர்களுக்கு ஃபெடரல் நீதிமன்றம் தடை போட்டது. 2019-இல் கோல்ட் டிவி என்ற சேவையை முடக்கும்படி இணைய நிறுவனங்களுக்கே உத்தரவிட்டது. 2021-இல் மேல்முறையீட்டிலும் அது நின்றது. உங்கள் "சர்வர் போய்விட்டது" இப்படியும் நடந்திருக்கலாம். டிஷ் வைத்து அமெரிக்கச் சேனலைப் பிடிப்பதும் தீர்வில்லை. கனடாவில் உரிமையுள்ள விநியோகஸ்தரின் அனுமதியின்றி, பூட்டிய செயற்கைக்கோள் அலையைத் திறப்பது குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லிவிட்டது.

எனக்குக் கோபம் வருவது இதை வாங்குபவர்கள் மேல் இல்லை. வயதானவர்களின் தனிமையைக் காட்டி, ரசீதுகூடத் தராமல் காசு வாங்குகிறார்களே, அவர்கள் மேல்தான். வங்கிக் கணக்கிலிருந்து நேராக அனுப்பும் இ-ட்ரான்ஸ்ஃபரில் அனுப்பி, கடைக்காரர் எடுத்துக்கொண்ட பணத்தைத் திரும்பப் பெறுவது மிகவும் கடினம். கிரெடிட் கார்டில் கொடுத்திருந்தால் வங்கியிடம் முறையிட வழியுண்டு. கார்டு வேண்டாம் என்று ஒரு கடை சொன்னால், ஏன் என்று யோசியுங்கள்.

நேர்வழியும் இருக்கிறது. சேனல் தானே நடத்தும் செயலி கனடாவில் கிடைக்கிறதா பாருங்கள். இணையவழிச் சேவைக்குக் கேபிள் பட்டியல் அனுமதி தேவையில்லை. பணம் சேனல் நிறுவனத்துக்குத்தான் போகிறதா, பில்லில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். போட்டிச் சேனல்கள் அத்தனையும் ஒரே மலிவு விலையில் வந்தால் அது முறையானதாக இருக்க வாய்ப்பில்லை.

கேள்வி: தமிழ்ப் பேக்கேஜ் விலையைச் சொல்லாமல் கூட்டிவிட்டார்கள். எங்கே போவது?

பதில்: தொலைக்காட்சிச் சேவை வழங்குவோருக்கான சிஆர்டிசியின் விதிக்கோவை 2017 செப்டம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. சேனல், பேக்கேஜ், வாடகைப் பெட்டி விலை மாறினால் 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். முதலில் நிறுவனத்திடம் புகார் செய்து, யாரோடு பேசினீர்கள், எந்தத் தேதி என்று குறித்துக்கொள்ளுங்கள். தீராவிட்டால் சிசிடிஎஸ் என்ற புகார் அமைப்புக்குப் போங்கள், கட்டணம் கிடையாது. நீங்கள் சேவையையே நிறுத்த முடிவு செய்தால், அதற்கு 30 நாள் முன்பே சொல்ல வேண்டும் என்று நிறுவனம் கட்டாயப்படுத்த முடியாது. 2015 ஜனவரியிலிருந்து அந்த வழக்கத்துக்குத் தடை இருக்கிறது.