வெஸ்டாவா, ஹெர்குலிஸா?

அன்புள்ள ஐயா,

1842இல் எடுத்த ரோம் கோயில் படத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். டைபர் ஆற்றங்கரையில் உள்ள அந்த வட்டக் கோயிலை வெஸ்டா என்ற ரோமானியப் பெண் தெய்வத்தின் கோயில் என்கிறீர்கள். போன வருடம் நாங்கள் போனபோது வழிகாட்டி ஹெர்குலிஸ் கோயில் என்றாரே? அப்புறம், அந்தக் காலத்து ரோம் படங்களில் ஏன் ஆளையே காணோம்?

ர., திருச்சி

அன்புள்ள ர.,

வழிகாட்டி சொன்னதுதான் சரி. படமெடுத்த ஜிரோ த பிராஞ்ஜே வெஸ்டா என்று குறித்திருந்தார், நான் அதை அப்படியே எழுதிவிட்டேன். அவரையும் குறை சொல்ல முடியாது. பழைய ரோமின் பொதுச் சதுக்கமான ஃபோரத்தில் இருந்த வெஸ்டா கோயில் வட்டம், இதுவும் வட்டம். அன்று ஊரே இதை அப்படித்தான் அழைத்தது. ஹெர்குலிஸ் பெயர் பொறித்த சிலைப்பீடம் ஒன்று பக்கத்தில் கிடைத்த பிறகுதான் பெயர் மாறியது.

எனக்குப் பெயரைவிடத் தூண்கள்தான் ஆச்சரியம். 12ஆம் நூற்றாண்டிலேயே இது தேவாலயமாகிவிட்டது. தூண்களுக்கு நடுவே சுவர் எழுப்பி மூடியிருந்தார்கள். 1810ஐ ஒட்டி, பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சியில், அந்தச் சுவரை இடித்தார்கள். கேமரா ஒரு நாற்பது வருடம் முன்னால் வந்திருந்தால் நமக்குக் கிடைத்திருப்பது ஒரு வட்டச் சுவர்தான்! 20 தூண்களில் 19 மிச்சம். மேல்பகுதி போய்விட்டதால், ஓட்டுக்கூரை தலைக்குச் சேராத தொப்பி மாதிரி தூண்கள்மேல் உட்கார்ந்திருக்கிறது.

ஆட்கள் விஷயம். அவர் படமெடுத்தது டாகேர் முறை என்ற ஆரம்பகாலப் புகைப்பட முறையில். அது வெளியானது 1839இல். வெள்ளி பூசிய செப்புத் தகட்டுக்கு அயோடின் ஆவி காட்டி, கேமராவில் வைத்து நிமிடக்கணக்கில் திறந்துவைக்க வேண்டும். பிறகு பாதரச ஆவியில் படம் தெளியும். நடந்துபோகிறவர்கள் அதில் பதிவதே இல்லை. கட்டிப்போட்ட கழுதை தூங்கினால் பதியும். கோயில் அசையாது, அதனால் அந்தக்கால கேமராவுக்கு அதுதான் நல்ல ஆள்.

தகடே படம், நெகட்டிவ் கிடையாது. ஜிரோ பயணம் முடிந்து 1845இல் ஊர் திரும்பியபோது அவரிடம் ஏறக்குறைய ஆயிரம் தகடுகள் இருந்தன. அவற்றைப் பொதுவில் காட்சிக்கு வைக்கவே இல்லை. 1892இல் இறந்தார். 1920களில் அவர் வீட்டுச் சாமான் அறையில்தான் அவை கிடைத்தன.

உங்கள் படத்தோடு ஒப்பிடுவதாக இருந்தால் ஒன்று: அந்தத் தகடுகளில் இடம் வலம் மாறித்தான் விழும். கண்ணாடியில் காட்டிப் பாருங்கள். இது தெரியாமல் நான் ஒரு மாலை முழுக்கத் தூண் எண்ணியிருக்கிறேன்.