கொரோனாவின் தொடக்க நாட்களில் மக்கள் நடந்துகொண்ட விதம் மருத்துவப் பணியாளர்களின் கண்ணுக்கு எப்படித் தெரிந்தது?

அப்போது நான் சென்னையில் செவிலியராக இருந்தேன். 2020 மார்ச் 22 மாலை 5 மணிக்கு எங்கள் தெருவே மாடியேறி எங்களுக்காகக் கை தட்டியது. சிலர் எவர்சில்வர் தட்டும் கரண்டியுமாக. நெகிழ்ந்துதான் போனேன். அதே வாரம் வீட்டு உரிமையாளர், "வேறு வீடு பார்த்துக்கொள்ளம்மா, குழந்தைகள் இருக்கிற இடம்" என்றார். குரலில் கோபம் இல்லை, பயம்தான். படிக்கட்டில் எனக்கென்று தனி வாளி வைத்திருந்தார்.

முகக்கவசம் பெரும்பாலோருக்குத் தாடைக்கவசம். பேசும்போது இறக்கிவிடுவார்கள், சரியாக எச்சில் தெறிக்கும் நேரம் பார்த்து! கையுறை போட்டவர் அதே கையால் மூக்கைச் சொறிவார்.

ஏப்ரல் 26 முதல் 4 நாள் முழு ஊரடங்கு என்றதும் முந்தைய நாள் கோயம்பேட்டில் கூட்டம் அலைமோதியது. பிறகு அந்தச் சந்தையே பெரிய தொற்று மையமாகி, மே 5 அன்று மூடப்பட்டது. அவர்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் 4 நாள் சமையலுக்கு வேறு வழி என்ன?

என்னால் மன்னிக்க முடியாதது ஏப்ரல் 19 இரவு. கொரோனாவில் இறந்த மருத்துவரை அடக்கம் செய்யவிடாமல் ஒரு கும்பல் ஆம்புலன்ஸைத் தாக்கியது. கடைசியில் சக மருத்துவரே மண்ணை அள்ளிப் போட்டுக் குழியை மூடினார்.