12 டென்ஸும் மனப்பாடம், ஆனால் பேச வரவில்லை: எதிலிருந்து தொடங்குவது?

தமிழ் மீடியத்தில் படித்து, கொழும்பில் வேலை தேடுகிறீர்கள். டியூஷனில் தந்த 12 டென்ஸ் அட்டவணை முழுக்கப் பாடம். ஆனால் யாராவது ஆங்கிலத்தில் கேட்டால் எந்த டென்ஸ் என்று யோசித்து முடிப்பதற்குள் பேச்சு வேறு எங்கோ போய்விடுகிறது. அடிப்படை டென்ஸை எந்த ஒழுங்கில் படிப்பது என்பதே உங்கள் கேள்வி.

முதலில் அந்த அட்டவணையை மூடி வையுங்கள். ஆங்கில வினைச்சொல் தன் உருவத்தை மாற்றிக் காலம் காட்டுவது நிகழ்காலம், இறந்தகாலம் என்ற இரண்டுக்கு மட்டும்தான். மிச்சமெல்லாம் பீ, ஹேவ், வில் போன்ற துணைவினைகளைச் சேர்த்துக் கட்டுபவை. அன்றாடப் பேச்சை ஐந்து அமைப்புகளால் ஓட்டிவிடலாம்: நேற்று நடந்தது, வழக்கமாக நடப்பது, இப்போது நடந்துகொண்டிருப்பது, இனி நடக்கப்போவது, கடைசியாக ஹேவ் போட்டுச் சொல்வது. ஒவ்வொன்றையும் உடன்பாடு, எதிர்மறை, கேள்வி என்று மூன்றாகவே படியுங்கள். "ஐ வென்ட்" என்று மட்டும் படித்தவர் கேள்வி கேட்கும் இடத்தில்தான் தடுமாறுகிறார்.

தொடங்க வேண்டியது இறந்தகாலத்தில். பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் நிகழ்காலத்தில் தொடங்கும். ஆனால் தமிழருக்கு அதுதான் குழப்பமான பகுதி. முடிந்துபோன விஷயத்தில் தமிழும் ஆங்கிலமும் பெரும்பாலும் ஒத்துப்போகும். இங்கே வரும் பெரிய பிழை "டிட் யூ வென்ட்?" என்பது. "போனீங்களா?" என்னும்போது தமிழில் இறந்தகாலம் வினைக்குள்ளேயே இருக்கிறது, கடைசியில் ஓர் "ஆ" ஒட்டினால் கேள்வி. அந்தப் பழக்கத்தில் "வென்ட்" தானாக வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் டிட் வந்ததும் காலத்தை அது எடுத்துக்கொள்ளும், வினை வெறும் "கோ" ஆகிவிடும்: "டிட் யூ கோ?" எதிர்மறைக்குத் தமிழே கைகொடுக்கும். "போகவில்லை" என்பதில் இறந்தகால உருவம் ஏதும் கிடையாது. "போக", அதோடு "இல்லை", அவ்வளவுதான். "டிடன்ட் கோ" அச்சொட்டாக அதே அமைப்பு. "ஐ டிடன்ட் வென்ட்" என்று வாய்க்கு வரும்போது "போகவில்லை" என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒழுங்கற்ற வினைகளை அகரவரிசையில் பாடமாக்க வேண்டாம். ஆங்கிலத்தில் மிக அதிகமாகப் புழங்கும் வினைகளான பீ, ஹேவ், டூ, சே, கோ, மேக், கெட், நோ, டேக், சீ, கம் எல்லாமே ஒழுங்கற்றவை. முதலில் இந்தப் பதினொன்று. மற்றவற்றை ஓசைப்படி கட்டுங்கள். செண்ட், ஸ்பெண்ட், லெண்ட், பில்ட் ஆகியவற்றின் கடைசி எழுத்து "டி" என்பதிலிருந்து "ரீ" ஆகும். பை, ப்ரிங், திங்க், டீச், கேட்ச் ஐந்தும் போட், ப்ரோட், தோட், டோட், கோட் என்று ஒரே மெட்டில் முடியும். கட், புட், ஹிட் மாறுவதே இல்லை. ஒரு நாளைக்கு ஒரு கட்டு போதும், வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

ஒழுங்கான வினைகளில் பிழை உச்சரிப்பில் வரும். "வேர்க்கெட்", "வாஷெட்" என்று இழுக்கக் கூடாது. "வேர்க்ட்", "வாஷ்ட்" என ஓரசைதான். "இட்" என்ற தனி அசை வருவது, வினை "ரீ" அல்லது "டி" ஓசையில் முடிந்தால் மட்டும்: வோன்டிட், நீடிட்.

அடுத்தது நிகழ்காலம். "அவர் பேங்கில வேலை செய்யிறார்" என்ற ஒரே வாக்கியம் தமிழில் இரண்டு பொருள் தரும்: அவருடைய தொழிலே அது, அல்லது இந்த நேரம் அங்கே வேலையில் இருக்கிறார். ஆங்கிலம் இதைப் பிரித்தே ஆகவேண்டும். தொழில், வழக்கம் என்றால் "ஹீ வேர்க்ஸ்". இந்த நேரத்தில் என்றால் "ஹீ இஸ் வேர்க்கிங்". பிரிப்பு பிடிபடாதவர்கள் இரண்டையும் சேர்த்து "ஐ ஆம் வேர்க் இன் எ பேங்க்" என்கிறார்கள். கொழும்பில் காதில் விழும் பிழைகளில் இது முன்வரிசையில் நிற்கும். ஆம், இஸ், ஆர் வந்தால் இந்த இடத்தில் வினைக்கு "இங்" வேண்டும்; "இங்" இல்லையென்றால் ஆமும் வேண்டாம்.

இன்னொரு பொறி வழக்கத்தைச் சொல்லும்போது வருகிறது. "அப்பா விடிய எழும்பித் தேத்தண்ணி குடிப்பார்" என்று அன்றாட வழக்கத்துக்கே எதிர்காலத்தை வைத்துப் பேசுகிறோம். அதை அப்படியே கொண்டுபோனால் "ஹீ வில் ட்ரிங்க்" ஆகிவிடும், கேட்பவர் நாளைக்குக் குடிப்பார் என்று விளங்கிக்கொள்வார். "ஹீ ட்ரிங்ஸ்" என்பதே சரி. ஹீ, ஷீ, இட் மூன்றுக்கும் ஒட்டும் அந்த "ஸ்", டஸ் வந்தால் டஸ்ஸோடு போய்விடும்: "டஸ் ஹீ ட்ரிங்க்?" டிட் செய்த வேலைதான் இங்கேயும். ஹேவ், நோ, லைக், வோன்ட், அண்டர்ஸ்டாண்ட் போன்ற வினைகளுக்கு இந்தக் கட்டத்தில் "இங்" போடவே வேண்டாம். "ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்" பிழை. "ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்" சரி, ஏனென்றால் அங்கே அது உடைமை இல்லை, செயல்.

எதிர்காலத்துக்கு அதிக நேரம் செலவழிக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே ஒழுங்கு செய்தது "ஐ ஆம் மீட்டிங் ஹிம் டுமோரோ", மனதில் வைத்திருக்கும் திட்டம் "ஐ ஆம் கோயிங் டு அப்ளை", பேசும் இடத்திலேயே எடுத்த முடிவு "ஐ வில் கோல் யூ". ஒன்றை மட்டும் கவனியுங்கள்: "நான் வரும்போது கொண்டுவாறன்" என்பதற்கு "வென் ஐ வில் கம்" என்று சொல்லக் கூடாது. "வென் ஐ கம், ஐ வில் ப்ரிங் இட்." இப்படி நேரமோ நிபந்தனையோ சொல்லும் வென், இஃப் பகுதியில் வில் வராது.

கடைசியாக ஹேவ். அதிகமாக வழுக்கும் இடம் இதுதான், பொறுமையாகப் படியுங்கள். "அனுப்பீட்டன்" என்றால் "ஐ ஹேவ் சென்ட் இட்" என்று பழகியிருப்பீர்கள். அது பல இடங்களில் சரியாக வரும். ஆனால் தமிழில் "நேற்றே அனுப்பீட்டன்" என்றும் சொல்லலாம், ஆங்கிலத்தில் "ஐ ஹேவ் சென்ட் இட் யெஸ்டர்டே" முடியாது. யெஸ்டர்டே, லாஸ்ட் வீக், இன் 2019, டூ டேய்ஸ் அகோ என்று முடிந்துபோன நேரம் வாக்கியத்தில் இருந்தால் ஹேவை எடுத்துவிடுங்கள்: "ஐ சென்ட் இட் யெஸ்டர்டே."

ஹேவ் கட்டாயமாகத் தேவைப்படுவது, முன்பு தொடங்கி இன்றும் தொடர்வதைச் சொல்லும்போது. "அஞ்சு வருஷமா வெள்ளவத்தையில இருக்கிறன்" என்று நிகழ்காலத்தில் சொல்வது தமிழ் முறை. ஆங்கிலத்தில் "ஐ ஹேவ் லிவ்ட் இன் வெள்ளவத்த ஃபோர் ஃபைவ் யெர்ஸ்." எவ்வளவு காலம் என்றால் ஃபோர், எப்போதிருந்து என்றால் சின்ஸ். "சின்ஸ் ஃபைவ் யெர்ஸ்" பிழை, "சின்ஸ் 2019" சரி.

நேர்முகத் தேர்வில் உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றதும் பலர் தரும் பதில் இது: "ஐ ஆம் லிவிங் இன் கொட்டாஞ்சேனை சின்ஸ் த்ரீ யெர்ஸ். ஐ ஆம் ஹேவிங் வன் ப்ரதர். ஐ ஹேவ் டன் மை ஏ லெவல்ஸ் இன் 2019. நவ் ஐ ஆம் வேர்க் இன் எ ஷொப்." நான்கு வாக்கியம், நான்கிலும் பிழை, நான்கும் தமிழ் அமைப்பிலிருந்தும் அரைகுறைப் பழக்கத்திலிருந்தும் வந்தவை. திருத்தினால்: "ஐ ஹேவ் லிவ்ட் இன் கொட்டாஞ்சேனை ஃபோர் த்ரீ யெர்ஸ். ஐ ஹேவ் வன் ப்ரதர். ஐ டிட் மை ஏ லெவல்ஸ் இன் 2019. நவ் ஐ வேர்க் இன் எ ஷொப்." உங்கள் சொந்த விபரத்தைப் போட்டு இந்த நான்கையும் எழுதி, போனில் பதிவு செய்து கேளுங்கள். "ஸ்" விழுங்கப்படுவதும் "ட்" காணாமல் போவதும் பேசும்போது தெரியாது, பதிவில் தெரியும்.

தினமும் 20 நிமிடம் போதும். ஐந்து வினைகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் நேற்று பற்றிய உடன்பாடு, எதிர்மறை, கேள்வி. இரண்டு கிழமை கழிந்ததும் அதே வினைகளில் வழக்கம், இப்போது. முந்தியது யோசிக்காமல் வாயில் வந்த பிறகே அடுத்ததற்குப் போங்கள். "ஹேட் கோன்", "வில் ஹேவ் பீன் கோயிங்" போன்றவற்றை இப்போதைக்குத் தொட வேண்டாம். ஹேட் வேண்டியது, சம்பவங்களை வரிசை மாற்றிச் சொல்லும்போதுதான், "நான் போக முதல் பஸ் வெளிக்கிட்டிட்டுது" என்பதைப் போல. அதைக்கூட "த பஸ் லெஃப்ட் பிஃபோர் ஐ கேம்" என்று சாதாரண இறந்தகாலத்திலேயே பிழையின்றிச் சொல்லலாம்.